காணாமல் போன கோப்பைத் தேடுவதா, கூப்பிடும் குரலை நிறுத்துவதா?

விண்டோஸ் கணினியைப் போட்டதும் பின்னணிப் படம் வருகிறது, கூடவே ஒரு சின்னப் பெட்டியும் வருகிறது. இன்ன கோப்பைத் தொடங்குவதில் சிக்கல், குறிப்பிட்ட மாட்யூலை, அதாவது அதற்கு வேண்டிய கோப்பை, காணவில்லை என்கிறது. கீழே ஓகே பொத்தான். அழுத்தினால் போய்விடும். மறுநாள் காலை அதே பெட்டி, அதே வாசகம்.

என் அக்கா மகள் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது மூன்று மாதமாக அந்த ஓகேயை அழுத்திக்கொண்டிருந்தாள். "மாமா, இந்தக் கோப்பை எங்கேயாவது தேடிப் போட்டுவிடுங்கள், போதும்" என்றாள். இந்தப் பெட்டியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இதையேதான் கேட்கிறார்கள். காணவில்லை என்றால் கண்டுபிடித்துத் தர வேண்டியதுதானே?

பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விட்ட ஒரு பையனின் பெயர் வருகைப்பதிவேட்டில் அடிக்கப்படாமலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் தினமும் காலையில் கூப்பிடுகிறார், பதில் வருவதில்லை. அவன் வீடு தேடிப் போய் அழைத்து வருவது ஒரு வழி. பெயரை அடித்துவிடுவது இன்னொரு வழி. எந்த வழி என்பது அவன் ஏன் போனான் என்பதைப் பொறுத்தது. கணினியிலும் முதலில் அதைத்தான் விசாரிக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பாதி, விசாரிக்காமலே பையனை இழுத்து வரக் கிளம்புகிறவை.

விசாரணை பெட்டியிலிருந்தே தொடங்குகிறது. டெஸ்க்டாப் தெரிந்த பிறகு அது வந்தால் விண்டோஸ் எழுந்து நடமாடுகிறது, அதன்மேல் தொற்றிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றுதான் தடுக்கி விழுகிறது என்று பொருள். டெஸ்க்டாப்பே வராமல் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வந்தால் கதை வேறு. அதைப் பிறகு பார்க்கலாம்.

டெஸ்க்டாப்பில் வரும் பெட்டிகள் பெரும்பாலும் மூன்று வகை. தலைப்பில் ரன்டிஎல்எல் என்றிருந்தால், ரன்டிஎல்எல்32 என்னும் விண்டோஸின் சொந்தப் புரோகிராம் பேசுகிறது. அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அது வெறும் சுமைகூலி; இந்த டிஎல்எல் கோப்பை (புரோகிராம்கள் துணைக்கு எடுத்துக்கொள்ளும் நிரல்கோப்பு) எடுத்து ஓட்டு என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்த்தால் கோப்பு இல்லை. தலைப்பில் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் என்றிருந்து, விபிஎஸ் என்று முடியும் ஸ்கிரிப்ட் கோப்பைக் காணோம் என்றால், அநேகமாக அது பென்டிரைவ் வழியாக வந்த வைரஸின் எச்சம். மூன்றாவது வகையில், தலைப்பில் நமக்குத் தெரிந்த ஒரு புரோகிராமின் பெயர் இருக்கும். எம்எஸ்விசிபி140.டிஎல்எல் கிடைக்காததால் மேற்கொண்டு ஓட முடியவில்லை என்று அது முறையிடும். முதல் இரண்டில் கூப்பிடுகிறவன் வேண்டாதவன். மூன்றாவதில் கூப்பிடுகிறவன் நமக்கு வேண்டியவன், அவனுக்குத் துணைதான் இல்லை.

அடுத்து, கோப்பின் முழு முகவரியைப் படிக்க வேண்டும். அவசரத்தில் ஓகே அழுத்துவதால் இதை யாரும் படிப்பதில்லை. கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். அக்கா மகளின் பெட்டியில் இருந்த முகவரி அவளுடைய பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் எந்த மொழியிலும் பொருள் தராத எட்டு எழுத்துகள் கொண்ட ஒரு கோப்புறை என்று போனது. ஆப்டேட்டாவுக்குள் நல்ல புரோகிராம்களும் குடியிருக்கும்தான், ஆனால் அவை தங்கள் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு குடியிருக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருளின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தேன். மூன்று மாதத்துக்கு முன்பு அதே பெயருள்ள கோப்பு பிடிபட்டுத் தனிமைப்படுத்தப்பட்டிருந்தது. கோப்பை எடுத்த மென்பொருள், அதைத் தினமும் கூப்பிடும் வரியை எடுக்காமல் விட்டுவிட்டது. பெட்டி சொன்னது உண்மையில் நல்ல செய்தி.

இந்த நிலையில் செய்யக்கூடியது பெயரை அடிப்பதுதான். கூப்பிடும் வரியை நிறுத்தும் இதைக் கணினிக்கான முதல் வழி என்று வைத்துக்கொள்வோம்.

விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜரிலேயே தொடக்கத்தில் ஓடும் புரோகிராம்களின் பட்டியல் உண்டு. முதலில் அங்கே பார்க்கலாம், வேண்டாததை முடக்கலாம். பலருக்கு வேலை அங்கேயே முடியும். முடியாதவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள், ஏனென்றால் கூப்பிடும் வரி ஒளிந்துகொள்ளும் இடங்கள் பல. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ரன் என்ற பகுதி பயனருக்கு ஒன்று, கணினி முழுமைக்கும் ஒன்று என இருக்கிறது. 64 பிட் விண்டோஸில், பழைய தலைமுறையான 32 பிட் புரோகிராம்களுக்கென மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஸ்டார்ட்அப் கோப்புறை தனி. எல்லாவற்றையும்விட அதிகமாகக் கண்ணில் படாமல் போவது டாஸ்க் ஷெட்யூலர். பயனர் உள்நுழையும்போது இதைச் செய் என்று அங்கே ஒரு வேலை பதிந்திருந்தால் அது டாஸ்க் மேனேஜரின் பட்டியலில் தலைகாட்டாது.

இத்தனை இடங்களையும் ஒரே பார்வையில் காட்டும் கருவி ஆட்டோரன்ஸ். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் பிறந்தது. 2006இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியதிலிருந்து அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. நிர்வாகி உரிமையோடு திறந்து, மேலே உள்ள தேடல் பெட்டியில் காணாமல் போன கோப்பின் பெயரைக் கொடுத்தால் கூப்பிடும் வரி வந்து நிற்கும். கோப்பில்லாத வரிகள் மஞ்சள் நிறத்தில் தெரியும். அந்த மஞ்சளைக் கண்டதும் எல்லாவற்றையும் அழிக்கக் கை துறுதுறுக்கும், கூடாது. நலமாக ஓடும் கணினியிலும் ஓரிரு மஞ்சள் வரிகள் இருப்பது வழக்கம். பெட்டியில் வந்த பெயருக்குரிய வரியை மட்டும், அதையும் அழிக்காமல், முன்னால் உள்ள டிக்கை எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யலாம். நாலைந்து நாள் எதுவும் கெடவில்லை என்றால் அழிக்கலாம்.

ஓர் இடத்தில் மட்டும் கை நடுங்க வேண்டும். பயனர் உள்நுழைவைக் கவனிக்கும் வின்லாகான் பகுதியில் யூசர்இனிட் என்று ஒரு வரி உண்டு. நீங்கள் உள்நுழைந்ததும் உங்கள் டெஸ்க்டாப்பைத் தயார் செய்வது அந்தப் புரோகிராம். சில வைரஸ்கள் அதன் முகவரிக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி இட்டுத் தங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளும். காற்புள்ளிக்குப் பின்னால் உள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். முழு வரியையும் அழித்துவிட்டால், கடவுச்சொல் கொடுத்து நுழைந்த கையோடு விண்டோஸ் உங்களை வெளியே தள்ளும். மறுபடி நுழைந்தால் மறுபடி தள்ளும்.

இரண்டாவது வழி, உரிய புரோகிராமை மறுபடி நிறுவுவது. மூன்றாவது வகைப் பெட்டிக்கு இதுவே சரி. எம்எஸ்விசிபி140, விசிரன்டைம்140 போன்ற பெயர்கள் வந்தால் காணாமல் போனது, பல புரோகிராம்கள் பொதுவாகச் சார்ந்திருக்கும் விஷுவல் சி பிளஸ் பிளஸ் துணைத்தொகுப்பு. விஷுவல் ஸ்டுடியோ 2015 முதல் 2022 வரையிலான பதிப்புகளுக்கு ஒரே தொகுப்புதான். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்து நிறுவலாம். 64 பிட் விண்டோஸ் என்பதால் 64 பிட் தொகுப்பு மட்டும் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். முறையிடும் புரோகிராம் 32 பிட்டாக இருந்தால் அதற்கு 32 பிட் தொகுப்பே வேண்டும். இரண்டையும் நிறுவிவிடுவது தலைவலி இல்லாதது.

அரைகுறையாக நீக்கப்பட்ட புரோகிராமுக்கும் இந்த வழி உதவும். பிரின்டரைத் தூக்கிப் போட்டு வருடம் ஆன பிறகும் அதன் உதவிப் புரோகிராம் தினமும் ஒரு டிஎல்எல்லைத் தேடிக்கொண்டிருக்கும். அதே மென்பொருளை மறுபடி நிறுவி, முறைப்படி நீக்கினால் விட்டுப்போன வரிகளையும் அது தானே பெருக்கிக்கொண்டு போகும். எனக்கு ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பதைவிட இந்தச் சுற்றுவழி பிடிக்கும். நேரம் கூட ஆகும், மனம் நிம்மதியாக இருக்கும்.

இங்கே ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். மாட்யூலைக் காணவில்லை என்று பெட்டி சொல்லும் கோப்பு, போய்ப் பார்த்தால் அதே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் பொய் சொல்லவில்லை, பாதி சொல்கிறது. ஒரு டிஎல்எல் ஓட இன்னொரு டிஎல்எல் வேண்டியிருக்கும். அந்த இன்னொன்று இல்லாவிட்டாலும் முதலாவதன் பெயரைச் சொல்லித்தான் பிழைச்செய்தி வரும். அப்போதும் விடை மறுநிறுவல்தான், ஏனென்றால் எந்தத் துணை இல்லை என்று புரோகிராமை நிறுவும் கருவிக்குத்தான் தெரியும்.

இதைப் படிக்காமல், காணாமல் போன ஒற்றை டிஎல்எல்லை இணையத்தில் தேடி இறக்கிக்கொள்கிறார்கள். இந்த வழியை நான் ஒப்பீட்டில் சேர்ப்பதே வேண்டாம் என்று சொல்வதற்காக. சொல்லும் தகுதி எனக்கு உண்டு, நானே செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு ஒரு புரோகிராம் டிஎல்எல் இல்லை என்று நின்றது. ஏதோ ஒரு தளத்திலிருந்து அந்தக் கோப்பை இறக்கி சிஸ்டம்32 கோப்புறையில் போட்டேன். காணவில்லை என்ற பெட்டி போனது. அந்த இடத்தில் 0எக்ஸ்சி000007பி என்ற எண்ணோடு வேறு பெட்டி வந்தது. நான் இறக்கியது 32 பிட் கோப்பு, புரோகிராம் 64 பிட். பெயரில் 32 இருப்பதால் சிஸ்டம்32இல் 32 பிட் கோப்புதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். 64 பிட் விண்டோஸில் நேர் எதிர்: சிஸ்டம்32இல் 64 பிட் கோப்புகள், சிஸ்வாவ்64இல் 32 பிட் கோப்புகள். இப்படிப் பெயர் வைத்தவர்களை அன்று மாலை முழுக்கத் திட்டினேன். பிட் பொருந்தினாலும் பதிப்பு பொருந்த வேண்டும், பதிப்பும் பொருந்தினால் அந்தக் கோப்பை யார் தொட்டுத் தந்தார்கள் என்ற கேள்வி மிஞ்சும். முன்பின் தெரியாதவர் கொடுத்த டிஎல்எல் உங்கள் கணினிக்குள் உங்கள் உரிமையோடு ஓடும்.

ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து தருகிறோம் என்னும் புரோகிராம்களும் இதே வரிசைதான். ஒரு வரியை எடுக்க வேண்டிய இடத்தில் நூற்றுக்கணக்கான வரிகளை அவை பெருக்கித் தள்ளும், எதை என்று உங்களிடம் விளங்கச் சொல்லாது. இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவதைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவித்திருக்கிறது.

அடுத்து, எல்லா ஆலோசனைகளிலும் தவறாமல் முதல் வரியாக வரும் எஸ்எஃப்சி. கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ் என்று அடிப்பது. நல்ல கருவி. ஆனால் அது பார்ப்பது விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மட்டும். பிரின்டரின் டிஎல்எல்லோ வைரஸின் டிஎல்எல்லோ அதன் கணக்கிலேயே கிடையாது. அக்கா மகளும் இதை இருமுறை ஓட்டியிருந்தாள். குறை எதுவும் இல்லை என்று அது இருமுறையும் சொல்லியிருந்தது. வாசலில் தொலைந்த செருப்பை பீரோவுக்குள் தேடினால் பீரோ ஒழுங்காக இருப்பது மட்டும் தெரியவரும்.

பெட்டியில் வரும் முகவரி விண்டோஸ் கோப்புறைக்குள் இருந்து, கோப்பும் விண்டோஸுக்குச் சொந்தமானது என்றால்தான் இந்த வழி பொருந்தும். அப்போது எஸ்எஃப்சிக்கு முன்னால் டிஐஎஸ்எம் கருவியை ரெஸ்டோர்ஹெல்த் கட்டளையோடு ஓட்டுவது என் வழக்கம். எஸ்எஃப்சி நல்ல பிரதிகளை எடுப்பது விண்டோஸ் தனக்குள் வைத்திருக்கும் ஒரு கிடங்கிலிருந்து. கிடங்கே கெட்டிருந்தால் கெட்டதைத்தான் எடுத்துத் தரும். டிஐஎஸ்எம் அந்தக் கிடங்கை விண்டோஸ் அப்டேட் வழியாகச் சரிசெய்கிறது, எனவே இணையம் வேண்டும். நடுவில் ஒரு சதவீதத்தில் நின்றுவிட்டதுபோலத் தோன்றும். விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். சரிசெய்த சில நாளில் வேறொரு விண்டோஸ் கோப்பு காணாமல் போனால் சந்தேகப்பட வேண்டியது டிஸ்க்கை. முக்கியமானவற்றைப் பிரதியெடுத்த பிறகு டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

சிஸ்டம் ரெஸ்டோர் 2000இல் வந்த விண்டோஸ் மி காலத்திலிருந்து இருக்கிறது. நேற்று ஒன்றை நிறுவினேன், இன்று பெட்டி வருகிறது என்பது போலத் தொடங்கிய நாள் தெளிவாகத் தெரிந்தால் நல்ல வழி. ஆவணங்களைத் தொடாது, அந்த நாளுக்குப் பிறகு நிறுவிய புரோகிராம்களும் டிரைவர்களும் போய்விடும். பல கணினிகளில் அது முடக்கப்பட்டே இருப்பதால் தேவைப்படும்போது போய்ப் பார்த்தால் திரும்பிப் போக நாளே இருக்காது. வைரஸ் நீக்கப்பட்டதால் வந்த பெட்டிக்கு மட்டும் இதைப் பயன்படுத்தவே கூடாது. துரத்திவிட்ட திருடனைக் கூப்பிட்டு உட்கார வைப்பதாக அது முடியலாம்.

கறுப்புத் திரைக்கு வருகிறேன். விண்டோஸ் எக்ஸ்பி வரையில், விண்டோஸைத் தொடங்கிவைக்கும் கோப்பான என்டிஎல்டிஆர் காணவில்லை என்று வந்தது. விஸ்டா முதல் அதன் இடத்துக்கு வந்த பூட்மேனேஜர் காணவில்லை என்று வருகிறது. முதலில் செருகியிருக்கும் பென்டிரைவ்களையெல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். விண்டோஸ் இல்லாத பென்டிரைவில் கணினி விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கும் வேடிக்கை அடிக்கடி நடப்பது. அது இல்லை என்றால் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவிலிருந்து தொடங்கி, ஸ்டார்ட்அப் ரிப்பேர் வசதியை ஓட்டலாம். அதிலும் சரியாகவில்லை என்றால் பூட்ரெக், பிசிடிபூட் என்ற இரண்டு கட்டளைகளில் ஒன்று. கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள் பழைய பயாஸ் வகை என்றால் பூட்ரெக் பொருந்தும். பயாஸுக்குப் பதில் புதிய யூஇஎஃப்ஐ உள்ள கணினிகளில் பூட்ரெக்கின் ஃபிக்ஸ்பூட் கட்டளை அனுமதி இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல நிற்பது வழக்கம். பிசிடிபூட் விண்டோஸ் கோப்புறையிலிருந்து தொடக்கக் கோப்புகளைப் புதிதாகப் படியெடுத்து வைப்பதால் புதிய கணினிகளில் அதையே எடுப்பேன். மீட்புச் சூழலில் சி டிரைவ் வேறு எழுத்தில் தோன்றலாம் என்பதால் விண்டோஸ் எந்த எழுத்தில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்கச் சாவி கையில் இல்லாமல் எதுவும் நடக்காது.

லினக்ஸையும் விண்டோஸையும் ஒன்றாக வைத்திருந்தவர்கள், விண்டோஸிலிருந்தபடியே லினக்ஸ் பகுதியை அழித்துவிட்டு, மறுநாள், லினக்ஸைத் தொடங்கிவைக்கும் க்ரப்பின் மீட்புத் திரையில் முழிப்பதும் இதே வருகைப்பதிவேட்டுக் கதைதான். லினக்ஸ் போய்விட்டது, அதைக் கூப்பிடும் க்ரப் போகவில்லை. தொடங்கும் பொறுப்பை விண்டோஸிடம் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது.

கணினியை முழுதாக ரீசெட் செய்வது எல்லாருக்கும் தெரிந்த கடைசி ஆயுதம், ஆனால் பலர் அதை முதலில் எடுக்கிறார்கள். ஒரு டிஎல்எல் பெட்டிக்காக ரீசெட் செய்வது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல. ஆவணங்களை வைத்துக்கொள் என்று சொன்னாலும் நிறுவிய புரோகிராம்கள் அத்தனையும் போய்விடும். விண்டோஸின் சொந்தக் கோப்புகளே பல இடத்தில் கெட்டு, எஸ்எஃப்சியும் டிஐஎஸ்எம்மும் கைவிரித்த பிறகு, விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் அதன்மேலேயே விண்டோஸை மறுபடி நிறுவலாம். புரோகிராம்களும் ஆவணங்களும் அப்படியே இருக்கும்.

எதுவும் செய்யாமல் தினமும் ஓகே அழுத்திக்கொண்டிருப்பதையும் ஒரு வழியாகச் சேர்க்கத்தான் வேண்டும். பழைய பிரின்டரின் பெட்டி என்று உறுதியாகத் தெரிந்தால் அதனால் எந்தக் கேடும் இல்லை. உறுதியாகத் தெரியாவிட்டால் ஒருமுறையாவது முழு ஸ்கேன் ஓட்டிப் பார்க்காமல் இருப்பது தவறு. கோப்பு போய்விட்டது என்பது உடன் வந்தவர்களும் போய்விட்டார்கள் என்பதற்குச் சாட்சி ஆகாது.

அக்கா மகளின் கணினியில் முதலில் அந்த ஸ்கேனைத்தான் ஓட்டினேன், விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடும் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஆட்டோரன்ஸில் தேடியபோது கூப்பிடும் வரி டாஸ்க் ஷெட்யூலரில் இருந்தது, ஏதோ அப்டேட் செய்கிற வேலை போல நல்ல பெயர் வைத்துக்கொண்டு. டிக்கை எடுத்தேன். மறுதொடக்கம் செய்தோம், பெட்டி வரவில்லை. அவள் நம்பாமல் இன்னொரு முறை மறுதொடக்கம் செய்தாள். அப்போதும் வரவில்லை. சிறிது நேரம் வெறும் டெஸ்க்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கணினி முழுசாகத் தொடங்கிவிட்டதா மாமா? ஓகே அழுத்தச் சொல்லவே இல்லையே" என்றாள்.